கொழும்புக் காற்றில் ஓர் இராவணஹத்தா

சிரட்டை அரிந்தாயிற்று. மூங்கில் தண்டி அதன் இரு துளைகளிலும் இறுகி உட்கார்ந்துவிட்டது. தந்தியை முறுக்கும் பிருடைகளுக்கான துளைகளும் போட்டாயிற்று. வில்லால் வாசிக்கும் சிரட்டைத் தந்திக் கருவியான இராவணஹத்தாவைச் செய்யத் தொடங்குகிறவர்களில் பலர் இந்த இடத்திலே பொறுமை இழந்து, தோலை ஒட்டிய மறுநாளே தந்தி பூட்டி வில்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி ஒரு முனகல் வரும். கெட்டுப்போய்விட்டது என்று மூலையில் சாத்திவிடுவார்கள். அது கெட்டுப்போகவில்லை, இன்னும் முடியவில்லை. அரத்தாள், அரக்கு, தோல், பிருடை, தந்தி, தோலின்மேல் தந்தியைத் தாங்கும் குதிரை என்று மிச்சமிருக்கும் வேலையில்தான் ஓசையே இருக்கிறது.

இந்தக் கருவி ராஜஸ்தானத்தது. பாபூஜியின் கதையைத் தீட்டிய நீண்ட சீலையை விரித்துக் கட்டி, அதன் முன்னால் போபா எனப்படும் பூசகப் பாடகர்கள் இரவிரவாக இதை வாசித்துப் பாடுவார்கள். பெயருக்கு இராவணனின் கை என்று பொருள். அவனே செய்தான் என்பது ஐதிகம்; அந்த வழக்கை இங்கே விசாரிக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், தென்னை விளையாத பாலைநிலத்தில் வெளியூர்ச் சிரட்டையைக் கொண்டு செய்கிறார்கள். நமக்கோ குசினி வாசலிலேயே சிரட்டை கிடக்கிறது, பாலைநிலத்தின் உலர்ந்த காற்றுத்தான் இல்லை. இந்தக் கருவியில் தோல், மயிர், மூங்கில் மூன்றும் உலர்காற்றில் பழகியவை. கொழும்பில் அவற்றைப் பூட்டும் முறையைக் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும்.

எப்படி என்று பார்க்குமுன் காற்றின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை. ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான் காற்று சற்று உலரும். மழை நாள் காலையில் ஈரப்பதம் 90 வீதத்தை நெருங்கும். அதே கருவியைக் குளிரூட்டிய மண்டபத்துக்குக் கொண்டுபோனால் 55, 60. ஈரம் ஏறினால் தோல் தளரும், தோல் தளர்ந்தால் குதிரை தாழும், குதிரை தாழ்ந்தால் தந்தியின் இழுவை குறையும். குதிரைமயிர்த் தந்தி தன் பங்குக்குத் தானும் நீளும். மயிர் ஈரத்தில் நீளும் என்பதை வைத்தே சொசூர் என்ற சுவிஸ் அறிஞர் 18ஆம் நூற்றாண்டில் ஈரமானி செய்தார். முழு உலர்விலிருந்து முழு ஈரம் வரை மனித மயிர் 2 முதல் 2.5 வீதம் நீளும். குதிரைமயிரின் சுபாவமும் அதுதான். ஆக, எல்லாக் கோளாறும் ஒரே திசையில் சேர்கிறது. மூங்கில் மட்டும் நீளவாட்டில் அசைவது மிகக் குறைவு, அதனால் அது ஒன்றையும் ஈடுசெய்யாது. மழை வந்தால் சுருதி இறங்கும், அவ்வளவுதான். பூச்சு எவ்வளவு பூசினாலும் இதை நிறுத்த முடியாது. ஏற்றி இறக்க இடம் வைத்துப் பூட்டலாம்.

பூச்சிலிருந்து தொடங்குவோம். சிரட்டையின் நாரை முதலில் கத்தியால் சுரண்டுங்கள். அரத்தாளால் நாரை எடுக்கப் பார்த்தால் தாள்தான் தீரும். பிறகு 80, 120, 180, 240, 320 என்று ஏறுங்கள். ஒன்றைத் தாண்டிப் போனால் அரக்கு விழுந்ததும் பழைய கீறல்கள் எல்லாம் எழுந்து நிற்கும். சிரட்டைத் தூசு நுண்ணியது, முகக்கவசம் வேண்டும். அந்தத் தூசை எறியாமல் ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். தண்டி சிரட்டைக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பிறகு இரையும். தூசைத் தச்சுப் பசையில் குழைத்து அந்த இடைவெளியை அடைத்தால் நிறமும் பொருந்தும்.

ஒரு பழக்கத்தை இங்கே நிறுத்தவேண்டியிருக்கிறது. சிரட்டை பளபளக்கவேண்டும் என்று தேங்காயெண்ணெய் தேய்ப்பது. கடைகளில் விற்கும் சிரட்டைக் கரண்டி, கிண்ணங்களுக்கு அது போதும். ஆனால் தேங்காயெண்ணெய் ஒருபோதும் உலர்ந்து இறுகாது. சில மாதத்தில் பிசுபிசுத்துச் சிக்குமணம் வரும். அதற்கு முன்பே விளிம்புக்குள் ஊறிப்போய், தோலுக்கான பசையைப் பிடிக்கவிடாமல் செய்துவிடும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் உலர்ந்து இறுகும் எண்ணெய் வேண்டும்: காய்ச்சிய லின்சீட் எண்ணெய் பழைய சோனகத் தெருவின் வன்பொருள், வர்ணக் கடைகளில் கேட்டால் கிடைக்கக்கூடியது. மெல்லிய ஒரு பூச்சு, இரண்டு மூன்று நாள் உலர்வு. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைவாளியில் போடவேண்டாம். உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

எண்ணெயைவிட அரக்கு நல்லது. பிரெஞ்சுப் பொலிஷ் என்று தச்சர்கள் சொல்வதும் இதையே. 100 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் 12 கிராம் அரக்குச் செதிள் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடித்தால் இளம் கரைசல். 24 கிராம் என்றால் கடும் கரைசல். முதலில் இளசு இரண்டு கை, பிறகு கடுசு மூன்று கை. இடையில் 400 அரத்தாளால் ஒரு தடவு. கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பழசானால் பூசியபின் இறுகாமல் விரல் அடையாளம் பிடித்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் போத்தலோடு விட்டுவிடுங்கள்.

அரக்கு பூசக் கொழும்பில் நேரம் பார்க்கவேண்டும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். ஈரக்காற்று அதன்மேல் படிந்து, பூச்சுக்குள் பால் கலந்ததுபோல வெண்புகை படரும். மழை ஓய்ந்த கையோடு பூசினால் இது நிச்சயம். மழையில்லாத நாளில் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் பூசுவது பாதுகாப்பு. வெளுத்துவிட்டால் பதற்றம் வேண்டாம். உலர்ந்த நாளொன்றில், ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் ஒரேயொரு முறை மெல்ல இழுத்தால் அரக்கு மறுபடி இளகி ஈரத்தை வெளியே விடும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் பூச்சே பெயர்ந்து வரும்.

சிரட்டையின் உட்புறத்துக்கும் ஒரு கை அரக்குக் கொடுங்கள். ஆனால் வாய் விளிம்பிலிருந்து வெளிப்புறம் 15 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒன்றுமே படக்கூடாது. அந்த இடம் தோலுக்கு. நாடா ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச்சைத் தொடவேண்டும். தோல் மூன்றாம் மாதம் உரிந்து வருவதற்கு முதற்காரணம் பசையல்ல, பசைக்கு அடியில் கிடக்கும் அரக்கு.

தண்டிக்குப் பெரிய சடங்கு இல்லை. மூங்கிலின் மேற்தோல் இயற்கையாகவே வழவழப்பானது, பூச்சு அதில் நிற்காது. 320 அரத்தாளால் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு கை அரக்கு. வெட்டுமுகங்களும் துளை ஓரங்களும் ஈரம் குடிக்கும் இடங்கள், அங்கே நாலு கை. தண்டியிலிருந்து மாவு கொட்டினால் பூச்சை நிறுத்துங்கள்: உள்ளே வண்டு இருக்கிறது. லீற்றருக்கு 50 கிராம் வெண்காரம் கரைத்த நீரில் ஊறவைத்து, வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தித்தான் அந்த மூங்கிலை மறுபடி எடுக்கலாம். வேறு மூங்கில் தேடுவது சுருக்கமான வழி.

இனி தோல். 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, பதனிடாத ஆட்டுத்தோல். மிருதங்கம், தபேலா மூட்டுகிறவர்களிடம் மிஞ்சும் துண்டே போதும். சிரட்டை வாய் 10, 11 சென்ரிமீற்றர்தான், தோல் 18 சென்ரிமீற்றர் வட்டம் இருந்தால் சரி. முதுகுத்தண்டு ஓடிய கோடு நடுவில் வரவேண்டாம். அங்கே தடிப்பு மாறும், ஓசை ஒரு பக்கம் சாயும்.

சாதாரண தண்ணீரில் முக்கால் மணிநேரம் ஊறினால் தோல் நனைந்த துணிபோலத் தொய்யும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள். ஈரத்தோல் 60 பாகை செல்சியஸ் அளவில் சுருண்டு, ஊன்பசையாகத் தொடங்கிவிடும். பிறகு எதற்கும் உதவாது. ஊறியதை எடுத்து இரண்டு துவாய்களுக்கிடையில் வைத்து ஒற்றுங்கள். தோலின் ஓரத்திலும் சிரட்டை விளிம்பிலும் பசை பூசி, வாயில் போர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து, பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய நாடாவால் சுற்றி இறுக்குங்கள்.

எவ்வளவு இழுப்பது? கையால் சுருக்கம் போகுமட்டும். மேளக்காரர் வார் பிடிப்பதுபோல இழுக்கத் தேவையில்லை. ஈரத்தோல் உலரும்போது தானே சுருங்கி இறுகும். முன்பே இறுக்கி வைத்தால் உலர்வில் கிழியும், அல்லது விளிம்போடு பெயரும். தண்டி தோலுக்குக் கீழே நாலைந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் போகிறதா என்றும் இப்போதே பாருங்கள். தோல் குதிரையின் கீழ் அமிழ்ந்து தண்டியைத் தொட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

பசையில் எது என்பது விவாதத்துக்குரியது. தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வச்சிரம் நன்றாகப் பிடிக்கும், சூடும் ஈரமும் காட்டினால் இளகித் தோலை மாற்றவிடும். அதே குணத்தால் அடைமழைக் காலத்தில் கொஞ்சம் தளரும். வெள்ளைத் தச்சுப் பசை ஈரத்தைச் சற்றுக் கூடத் தாங்கும், ஆனால் நாள்முழுக்க இழுபட்டுக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல நழுவும். எங்கள் தெரிவு வச்சிரம். இரண்டில் எதை எடுத்தாலும் பாரத்தைப் பசையிடம் ஒப்படைக்கக் கூடாது. தோல் உலர்ந்ததும் மெழுகிட்ட பருத்தி நூலால் விளிம்பை 12, 15 சுற்று நெருக்கிக் கட்டி, அதன்மேல் அரக்கு பூசுங்கள். இழுவையைத் தாங்குவது அந்தக் கட்டு. சுப்பர் குளு ஈரத்தோலில் பொருக்காக இறுகி, முதல் இழுவையிலேயே வெடிக்கும்.

உலர்த்துவது நிழலில், இரண்டு நாள். மழைக்காலம் என்றால் மூன்று, நான்கு. வெயிலில் வைத்தால் நடுப்பகுதி முதலில் இறுகி ஓரம் பின்தங்கும், தோல் கோணலாகும். உலர்ந்தபின் விரல் நுனியால் தட்டினால் 'டும்' என்று ஒரு சிறு மேளம் கேட்கவேண்டும். 'தப்' என்றால் மறுபடி நனைத்து மறுபடி போர்த்துங்கள். தந்தி பூட்டினால் சரியாகும் என்று நம்பினால் இரண்டு வேலை.

தோல் முழுக்க அரக்கு பூசினால் ஈரம் ஏறாதே என்று கேட்கலாம். ஏறும், மெதுவாக ஏறும். பதிலுக்குத் தோல் பாரமாகி மேற்சுரங்களின் கூர்மை மழுங்கும். விளிம்போடு ஒரு விரலகலத்துக்கு இளங்கரைசல் ஒரு கை கொடுத்து, நடுவை வெறுமனே விடுவதே மேல்.

பிருடைக்கு முதிரை போன்ற வைர மரம். தண்டியில் துளை இரண்டு சுவரையும் கடக்கிறது. பிடி இருக்கும் பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். 30 மில்லிமீற்றர் நீளத்தில் 1 மில்லிமீற்றர் ஒடுங்குவது வயலின் பிருடையின் சரிவு, இங்கேயும் அதுவே பொருந்தும். மூங்கில் நீளவாட்டில் வெடிக்கும் குணமுள்ளது. பிருடையை அழுத்தித் திருகும் முதல் நாளே 'டக்' என்று ஒரு கீற்று விழும். துளைக்கு இரு பக்கமும் 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு நூல் சுற்றி அரக்குப் பூசுவதை அலங்காரமென்று நினைத்துத் தவிர்க்காதீர்கள். துளையின் உள்ளே பூச்சு வேண்டாம். பிருடை வழுக்கினால் சோக் தூள், இறுகிக்கொண்டால் உலர்ந்த சவர்க்காரம். இரண்டையும் மாறி மாறித் தடவி, திருகும்போது வழுக்கலாகவும் விட்டதும் நிற்கும்படியும் கொண்டுவரலாம்.

பிருடையின் பருமன் பலர் கவனிக்காத விஷயம். அடிப்படையான இரண்டு தந்திகளில் ஒன்று எஃகு, ஒன்று குதிரைமயிர். எஃகுக்கு 0.25 மில்லிமீற்றர் கம்பி, அதாவது கிட்டார்க் கடையில் 'பத்து' என்று கேட்டு வாங்கும் முதலாம் தந்தி. குதிரையிலிருந்து மேல்முனை வரை 50 சென்ரிமீற்றர், சுருதி 1 கட்டை (C) என்று வைத்தால், இழுவை ஏறக்குறைய 2.8 கிலோ. இந்தக் கம்பியை ஓர் அரைச்சுரம் ஏற்ற அதை 0.2 மில்லிமீற்றருக்கும் குறைவாக இழுத்தால் போதும். 8 மில்லிமீற்றர் பருமனான பிருடையில் அது வெறும் 2 அல்லது 3 பாகைத் திருப்பம். மரப்பிருடையை அந்த நுணுக்கத்தில் திருப்பி நிறுத்த எவராலும் முடியாது. அதனால் தந்தி சுற்றும் இடத்தில் பிருடையை 5 மில்லிமீற்றருக்குச் செதுக்குங்கள். அதோடு தம்புராவில் இருப்பதுபோல, குதிரைக்குப் பின்னால் தந்தியில் ஒரு சிறு கண்ணாடி மணி கோத்து, சிரட்டை விளிம்பின்மேல் உட்காரவையுங்கள். பிருடை கிட்டத்தட்டக் கொண்டுவரும், மணி முடித்து வைக்கும். மயிர்த்தந்தி பல மடங்கு இழுபடும் தன்மையது, அதற்கு மணி தேவையில்லை.

மயிர்த்தந்திக்கு வயலின் வில்லுக்கு விற்கும் மயிர்க்கட்டு சரிவரும். ஒரு கட்டில் பல தந்தி கட்டலாம். 30 மயிரை எண்ணி எடுங்கள். மத்திம சட்சத்துக்குக் கீழே பஞ்சமத்தில் வைத்தால் இழுவை மூன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும், எஃகோடு ஓரளவு சமன். மொங்கோலியரின் மோரின் கூரில் ஒரு தந்திக்கு 130, மற்றதற்கு 105 மயிர் என்பது மரபு. அது பெரிய பெட்டிக் கருவி. சிரட்டைக்கு அவ்வளவு போட்டால் தோல் தாங்காது. மயிரை முறுக்காதீர்கள். ஒரு முனையை முடிந்து ஆணியில் மாட்டி, நனைத்துச் சீப்பால் வாரி, எல்லா மயிரும் ஒரே இழுவையில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கட்டுங்கள். நாலைந்து மயிர் தொய்வாக நின்றால் அவை தனியாக அதிர்ந்து கரகரக்கும். அவற்றை வெட்டிவிடுவது குற்றமில்லை.

மயிர் கிடைக்காவிட்டால், அல்லது மழைக்காலத்தில் அதோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாவிட்டால், 0.20 மில்லிமீற்றர் தங்கூசி (மீன்பிடி நைலோன்) 24 இழை. நிறை கிட்டத்தட்ட அதே, ஈரத்துக்கு அசைவதும் குறைவு. ஓசைதான் கொஞ்சம் வழுவழுப்பு: தங்கூசியின் மேற்பரப்பை வில் கவ்வாது. 400 அரத்தாளால் ஒருமுறை இழுத்து, வில்லுக்குப் பூசும் பிசினான ரொசின் பூசினால் பரவாயில்லை.

இரண்டு பிருடைகளும் ஒரே உயரத்தில் இராது என்பதால் இரண்டு தந்திகளின் அதிரும் நீளமும் வேறுபடும். எஃகில் பஞ்சமம் இருக்கும் விரலிடத்தில் மயிர்த்தந்தியில் வேறேதோ வரும். சீன எர்ஹுவில் செய்வதுபோல, குதிரையிலிருந்து 50 சென்ரிமீற்றரில் தந்திகளையும் தண்டியையும் சேர்த்து ஒரு நூல்கண்ணி கட்டிவிட்டால் இரண்டு நீளமும் சமனாகும். மெழுகிட்ட நூல், ஆறு சுற்று. தந்தி தண்டியைத் தொடாமல் அங்கே 15 மில்லிமீற்றர் விலகி நிற்கவேண்டும். இது மெட்டில்லாத, விரற்பலகை இல்லாத கருவி. விரல் தந்தியைத் தொடும், மூங்கில்வரை அழுத்தாது. விலகல் குறைந்தால் விரல் மூங்கிலில் முட்டும்.

குதிரையில்தான் நிதானம் வேண்டும். கருவியில் மலிவான உறுப்பு இதுதான், ஓசையை அதிகம் மாற்றுவதும் இதுவே. பழைய தளபாடத்தில் உடைந்த கருங்காலித் துண்டு, புளியமரக் காழ், தடித்த சிரட்டைத் துண்டு எதுவும் ஆகும். உயரம் 12 மில்லிமீற்றர், அடி அகலம் 28, பாதம் இரண்டு, ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர். நிறை இரண்டு கிராமைச் சுற்றி. செட்டியார் தெருவில் பொன் நிறுக்கிற தராசு தேவையில்லை, அரைக் கிராம் காட்டும் குசினித் தராசு போதும். 4 கிராம் குதிரை வைத்தால் ஓசை போர்த்திக்கொண்டு கிடக்கும், 1 கிராமில் கீச்சிடும். பாரமாகத் தொடங்கி, இடுப்பிலும் வயிற்றிலும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

பாதத்தின் ஓரங்களை உருட்டிவிடுங்கள்; கூராக விட்டால் ஈரநாளில் தோலை வெட்டும். எஃகுத்தந்தியின் வெட்டு, தந்தியின் பாதி ஆழம், அகலம் மயிரிழை கூட, சரிவு வால்பக்கமாக, அதாவது தந்தியின் கீழ்முனைப் பக்கமாக. வெட்டின் முன்விளிம்பில்தான் தந்தி பிரியவேண்டும். நடுவில் பிரிந்தால், குதிரையில் ஜீவாளி நூல் வைத்த தம்புராபோல இரையும். தம்புராவில் அது அழகு, இங்கே தொல்லை. எஃகு மரத்தை அறுத்துக்கொண்டு இறங்குமென்றால் வெட்டில் எலும்புத் துண்டு ஒன்று பதியுங்கள். மயிரின் வெட்டு உருண்டையாக, வழவழப்பாக இருக்கட்டும், பென்சில் கரி தடவலாம். இரண்டு தந்திக்கும் இடை 9 மில்லிமீற்றர், எஃகு மற்றதைவிட ஒன்றரை மில்லிமீற்றர் உயர்ந்து நின்றால் வில் ஒன்றை விட்டு ஒன்றைத் தொடலாம்.

தந்தி குதிரையைத் தாண்டி வால்பக்கம் மடங்கும் கோணம் 12 பாகை அளவு. அந்தக் கோணத்தில் இரண்டு தந்தியும் சேர்ந்து தோலை 1.3 கிலோ அளவில் அமுக்கும். 20 பாகை என்றால் 2 கிலோவைத் தாண்டும், தோல் குழிந்துவிடும். கோணம் கூடினால் குதிரையைக் குட்டையாக்காமல், சிரட்டை விளிம்பில் தந்திக்கடியில் தோல் துண்டொன்றை மடித்து வைத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பது? தோலின் நடுவில் தொடங்குங்கள். நடு அதிகம் அசையும் இடம், ஓசை பெரிதாகவும் கனமாகவும் வரும். கூடவே ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் கருவி ஓநாய்போல ஊளையிடும். தோல் தானே அதிர விரும்பும் சுரம் அது. 5 மில்லிமீற்றராக வால்பக்கம் நகர்த்திக்கொண்டு போனால் ஊளை அடங்கும், ஓசை தெளியும், கனம் குறையும். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பெரும்பாலும் நல்ல இடம் அகப்படும். அகப்பட்டதும் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு கீறிவிடுங்கள். குதிரை சரிந்து விழும் நாள் வரும்.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்பலாம். மேலே சொன்ன அளவுகளில் தோல் 1 மில்லிமீற்றர் தாழ்ந்தால் எஃகுத்தந்தி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் இறங்கும். நவம்பர் மழையில் 1 மில்லிமீற்றர் பெரிதல்ல. பிருடையைத் திருகிச் சமாளிக்கலாம். ஆனால் சுருதி திரும்பினாலும் மடியும் கோணம் குறைந்தேயிருக்கும், ஓசை சோர்ந்து நிற்கும். அதனால் ஒரே மரத்தில் இரண்டு குதிரை செய்யுங்கள்: வெயிலுக்கு 12 மில்லிமீற்றர், மழைக்கு 13.5. மழைக்குதிரையை ஜனவரியில் மறந்து விட்டுவிட்டால் தோல் இறுகும்போது பசையோடு இழுக்கும், கவனம்.

பரிவுத் தந்திகளைப் பற்றிக் கொஞ்சம். இராவணஹத்தாவின் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் சிறு பிருடைகள் இவற்றுக்குரியவை; வில் தொடாமலே, மற்றத் தந்தியின் சுரத்துக்கு இவை முனகும். நம் பௌதிகப் பாடநூல் அந்த அதிர்வைப் பரிவு என்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்! 0.20 மில்லிமீற்றர் எஃகு, தந்திக்கு ஒன்றரைக் கிலோ அளவில் இழுவை. ஐந்து போட்டால் தோலின்மேல் சுமை இரட்டிக்கும். ராஜஸ்தானத்துக் கருவிகளில் பத்துக்கு மேலும் பார்க்கலாம், அங்கே தோல் அவ்வளவாகத் தளர்வதில்லை. இங்கே மூன்று போதும்: ச, ப, மேல் ச. குதிரையில் இவற்றுக்குப் பிரதான தந்திகளுக்குக் கீழே சிறு துளைகள் போடுங்கள். மடியும் கோணமும் குறையும், வில்லிலும் தட்டாது.

தந்தியை ஒரே நாளில் சுருதிக்கு ஏற்றவேண்டாம். முதல் நாள் இரண்டு சுரம் கீழே, மறுநாள் ஒரு சுரம், மூன்றாம் நாள் இடத்துக்கு. புதுமயிர் நீண்டுகொண்டே இருக்கும், தோலும் குதிரைக்கு இடம் கொடுத்து இறங்கும். ஏற்றும்போதெல்லாம் குதிரையின் தலை மேல்முனைப் பக்கம் சாயும், நிமிர்த்திவிடுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் சுருதி பார்க்கலாம். ஆனால் பரிவுத் தந்திகளைச் செவியால் சேர்ப்பதே நல்லது: சட்சத்தை வில்லால் இழுத்துச் சட்டென்று நிறுத்துங்கள், மிச்ச ஓசை நீண்டு நின்றால் சேர்ந்துவிட்டது.

வில்லுக்கு 120 மயிர் அளவு. மயிரின் இறுக்கத்தை வாசிக்கும் கைவிரல்களே கொடுக்கும் என்பதால் மரத்தில் நிரந்தரமாக முறுக்கேற்றி வைக்கவேண்டியதில்லை. புதுமயிரில் ரொசின் இல்லாவிட்டால் ஓசை என்பதே வராது. மெல்லிய மூச்சு மட்டும் கேட்கும். ரொசின் கட்டியின் பளபளத்த முகத்தை அரத்தாளால் கீறி, தூள் எழும்படி முப்பது நாற்பது முறை இழுங்கள். மழைநாளில் ரொசின் கூடினால் பிசின்போல இழுபட்டுக் கரகரக்கும், உலர்துணியால் துடைக்கவேண்டும். வில்லில் கட்டும் சலங்கை தாளத்துக்கு அழகுதான், ஆனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

இரைச்சல் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. சலங்கைக்குப் பிறகு பிருடையில் தொங்கும் தந்தி நுனி, பிறகு மணி, பிறகு குதிரை வெட்டு, பிறகு தண்டியும் சிரட்டையும் சேரும் மூட்டு. கடைசியாகத் தோல் ஓரம்: விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தால் பசை விட்ட இடத்தில் ஓசை மாறும். அந்த இடத்தில் ஊசிமுனையால் வச்சிரம் ஏற்றி மறுபடி நூல் கட்டலாம். ஓசை அடைத்துக்கொண்டிருந்தால் சிரட்டையின் பின்பக்கத் துளையைப் பாருங்கள். 6 மில்லிமீற்றரில் தொடங்கி, 12 வரை படிப்படியாகப் பெருக்கலாம். அதற்குமேல் போனால் கனம் போகும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோர வீடுகளில் உப்புக்காற்றுக்கு எஃகுத்தந்தி சில வாரத்திலே கறள் பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்துணியால் ஒரு துடைப்பு, மாதம் ஒருமுறை துணியில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய். அந்தத் துணி மயிரிலோ வில்லிலோ படக்கூடாது. உறைக்குள் நூறு கிராம் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். காற்றை எலும்பாக உலர்த்த வேண்டியதில்லை, 60, 65 வீதத்தில் ஒரே சீராக நின்றால் போதும். அரிசிப் பை வைப்பது மனத்திருப்திக்கு. மேடையேறுமுன் தோல் தளர்ந்திருந்தால், பறையைத் தீயில் காய்ச்சுவதுபோல இதையும் காய்ச்சலாமா என்றால், தீ வேண்டாம்: தலைமுடி உலர்த்தும் கருவியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து இரண்டு நிமிடம். ஏறிய சுருதி பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல இறங்கத் தொடங்கும், அதற்குள் மணியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரியின் உலர்நாளிலும், வெயில்குதிரையோடும், தட்டினால் 'தப்' என்றே கேட்டால் தோலை மாற்றும் காலம். தந்திகளைத் தளர்த்திக் குதிரையை எடுத்துவிட்டு, விளிம்பு நூலை வெட்டுங்கள். வெந்நீரில் பிழிந்த துணியைத் தோல் ஓரத்தில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் வச்சிரம் இளகும். ஒரு பக்கத்திலிருந்து மெல்ல உரியுங்கள். பக்கத்து அரக்கு கொஞ்சம் வெளுக்கும், உலர்ந்தபின் ஸ்பிரிட் துணி அதைச் சரியாக்கும். விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசையை வெந்நீரால் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு, 120 அரத்தாளால் ஒரு தேய்ப்பு. பிறகு புதுத்தோலைத் தண்ணீரில் போடலாம்.